மரம் நட்டுவிட்டு வந்தேன், மனசு சரியில்லை: நாடு முழுக்க உயிரினங்களைக் காப்பது என்றால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

பொம்மனஹள்ளிவாசி எழுதியது:

வணக்கம். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, பொம்மனஹள்ளியில் வாடகை வீடு, சொந்த ஊர் போளூர் பக்கம். பெங்களூருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. பறவை பார்க்கிறவர்கள், காட்டோடு பழக்கம் உள்ளவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடியில் எங்கள் கம்பெனியில் மரம் நடக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரெண்டு பஸ், அறுபது பேர், தொட்டபள்ளாபூர் தாண்டி ஒரு மேட்டு நிலம். குழிகளை முன்கூட்டியே மெஷின் வைத்துத் தோண்டியிருந்தார்கள். ஆளுக்கு ஐந்து கன்று. நட்டோம், தண்ணீர் ஊற்றினோம், பேனர் பிடித்துப் போட்டோ எடுத்தோம். அந்த நேரம் செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். கன்னடத்தில்தான் பேசினார், எனக்கு ஓரளவு புரியும். அவர் அப்பா காலத்தில் இருந்தே இங்கே மரம் கிடையாதாம், யாரும் வெட்டிவிடவில்லையாம், இது எப்போதுமே புல் நிலம்தானாம். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து நாலு எட்டு கூட்டிப்போய் ஒரு புல் தூரை விலக்கிக் காட்டினார். உள்ளே சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு கூடு, அதில் ரெண்டு முட்டை, புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, வெள்ளையில் பழுப்புப் புள்ளி. நாங்கள் நட்ட குழியின் மண் அந்தக் கூட்டுக்கு ஒரு சாண் தள்ளிக் குவிந்து கிடந்தது. "இதெல்லாம் பார்த்துவிட்டா குழி போட்டீர்கள்?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. என்னிடம் பதில் இல்லை. வானம்பாடி வகைக் குருவி அது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து இதே யோசனை. ஒரு பக்கம் புலி எண்ணிக்கை ஏறுகிறது, வனப்பரப்பு ஏறுகிறது என்று படிக்கிறோம். இன்னொரு பக்கம் இருக்கிற காடும் போகிறது என்று சொல்கிறார்கள். எதை நம்புவது? இவ்வளவு பெரிய நாட்டில் வாழிடங்களைக் காப்பது என்றால் அது சரணாலயத்தோடு முடிகிற வேலையா? என் மாதிரி சனிக்கிழமை மட்டும் கையில் இருக்கிற ஆள், கெடுதல் செய்யாமல் ஏதாவது செய்ய முடியுமா? என் மகளுக்கு ஒன்பது வயது, "அந்த முட்டை என்னப்பா ஆச்சு" என்று இன்னமும் கேட்கிறாள்.

பூனைப்பருந்து எழுதியது:

அந்தப் பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் மூலம் அவர் சொன்ன அந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம் நாட்டில் வனப்பரப்பை டேராடூனில் இருக்கும் இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கணக்கிடுகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடம், அதில் மேலே இருந்து பார்த்தால் பத்து சதவீதத்துக்கு மர விதானம், அவ்வளவு இருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யாருடைய நிலம் என்ற கேள்வி கிடையாது. தென்னந்தோப்பு, ரப்பர் தோட்டம், காபித் தோட்டம், தைல மரத் தோப்பு எல்லாம் அந்தக் கணக்கில் உள்ளே வரும். அதாவது ஒரு இடத்தில் பழைய சோலைக்காடு போய் இன்னொரு இடத்தில் தைல மரம் வந்தால் கணக்கு சமமாக நிற்கும். உங்கள் ஆட்டுக்காரப் பெரியவரின் நிலம்? அதில் மரம் இல்லை, எனவே வனம் இல்லை. வருவாய்க் கணக்கிலும் வரைபடத்திலும் இந்த மாதிரிப் புல்வெளி, முட்புதர், பாறைக்காடு பெரும்பாலும் தரிசு என்றுதான் பதிவாகியிருக்கும். தரிசு என்று எழுதிவிட்டால் போதும், மரம் நட, சோலார் பேனல் போட, லேஅவுட் போட யாரிடமும் வாழிடம் போகிறதே என்று பதில் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு என்ன விலை கொடுத்திருக்கிறோம் என்று பார்க்க கானமயிலைப் பாருங்கள். ஆள் இடுப்பளவு உயரம் நிற்கும், பறக்கிற பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று. ஒரு காலத்தில் தக்காணம் முழுக்க இருந்தது. இன்று நாட்டில் சுமார் நூற்றைம்பதுதான், அதிலும் பெரும்பாலானவை ஜெய்சால்மர் பக்கம். கர்நாடகத்தில் பல்லாரி மாவட்டம் சிருகுப்பா பக்கம் ஒரு சில. புல்வெளி போனது ஒரு காரணம், அப்புறம் மின்கம்பி. கானமயிலுக்கு நேர் முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது, உடம்பு கனம், கிட்டே வந்த பிறகு திரும்ப முடியாமல் கம்பியில் மோதி விழுகிறது. 2021இல் உச்ச நீதிமன்றம் கம்பிகளை மண்ணுக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னது, 2024இல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. சூரிய மின்சாரமும் வேண்டும், கானமயிலும் வேண்டும், ரெண்டும் அதே நிலத்தில். எளிதான வழக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்த நிலத்தை ஆரம்பத்திலேயே வாழிடம் என்று எழுதியிருந்தால் கம்பி வேறு வழியில் போயிருக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே ஹெசரகட்டா இருக்கிறது. குளிர்காலத்தில் காலை ஆறரைக்குப் போய் நின்றால் பூனைப்பருந்து புல்லின் மேல் முழங்கால் உயரத்தில் மிதந்துகொண்டே வரும், இறக்கையை அசைக்கவே அசைக்காது, திடீரென்று ஒரு திருப்பம், கீழே விழுந்த மாதிரி இறங்கும், எழும்போது காலில் ஒரு எலியோ வெட்டுக்கிளியோ இருக்கும். பெங்களூரைச் சுற்றி இவ்வளவு பெரிய புல்வெளி வேறு மிச்சமில்லை. அரிதாகிப்போன புல்வெளிப் பறவையான வரகுக்கோழி அங்கே தென்பட்டபோது நாங்கள் எல்லாரும் குதித்தோம். அதைக் காப்பகம் ஆக்கச் சொல்லிப் பறவை ஆர்வலர்கள் பத்து வருடத்துக்கும் மேல் மனு, வழக்கு என்று அலைந்த பிறகு 2024இல்தான் மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் கொடுத்தது. பத்து வருடமும் தடையாக நின்றது ஒரே சந்தேகம்தான்: மரமே இல்லாத இடத்தை எதற்குக் காப்பது.

2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களைப் பார்த்து, 178 இனங்களுக்கு உடனடி அக்கறை தேவை என்று சொன்னது. புல்வெளி, திறந்தவெளிப் பறவைகள் கடுமையாகக் குறைந்திருக்கின்றன. அந்த அறிக்கைக்கான தரவு முழுக்க உங்களையும் என்னையும் போன்றவர்கள் சனி ஞாயிறு குறித்துக் கொடுத்ததுதான். உங்கள் சனிக்கிழமைக்கு அது ஒரு பதில். கன்று வேண்டாம், நோட்டுப்புத்தகம் எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று சொல்லாமல் போனால் தூக்கம் வராது. கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை எடுக்கிறார்கள். மீனவர்கள் ஏழுவரி ஆமை என்று சொல்வார்களே, உலகின் மிகப் பெரிய கடலாமை, அது முட்டையிடும் கலாத்தியா விரிகுடாவும் அதில் வருகிறது. ஈடாக மரம் நடத் தேர்ந்தெடுத்த மாநிலம் ஹரியானா. தீவில் ஒரு மழைக்காடு போனதற்கு ஹரியானாவில் நட்ட மரம் எப்படி ஈடாகும், எந்த ஆமை அங்கே போய் ஏறும்?

நாலாவது_பிளாக் எழுதியது:

அப்படியானால் புலிக் கணக்கும் பொய்யா? பந்திப்பூரில் நானே ரெண்டு முறை பார்த்திருக்கிறேன். முந்தி இப்படிக் கிடையாது என்று டிரைவர் சொன்னார்.

ராத்திரி_பஸ்_பயணி எழுதியது:

பொய் இல்லை. அதை விட்டுக்கொடுக்காமல் சொல்ல வேண்டும். 1973இல் புலித் திட்டம் ஒன்பது காப்பகங்களோடு ஆரம்பித்தது, பந்திப்பூர் அதில் ஒன்று. 2006 கணக்கெடுப்பில் 1,411, 2022இல் 3,682. ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு, கேமரா வைத்து வரியை ஒப்பிட்டு எண்ணுகிறார்கள், வாய்க்கு வந்த எண் இல்லை. நடுவில் ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட இல்லாமல் போய், 2008இல் வேறு காட்டில் இருந்து கொண்டுவந்து விட வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. காவலர்கள் ராத்திரி பகல் நடந்து காத்ததால் கிடைத்த எண் இது.

ஆனால் தேசியப் பூங்கா, சரணாலயம் எல்லாம் சேர்த்தாலும் நாட்டின் நிலத்தில் ஐந்து சதவீதம்தான் வரும். அவை தீவுகள் மாதிரி. இளம் ஆண் புலி தாயை விட்டுப் பிரிந்தால் தனக்கென்று இடம் தேடி நூறு கிலோமீட்டர்கூட நடக்கும். வழி அடைத்துப்போனால் உள்ளேயே சண்டை, இல்லாவிட்டால் ஊருக்குள் வந்து நிற்கும். நான் மாதம் ரெண்டு முறை மைசூர், குண்டுலுப்பேட்டை வழியாக ஊட்டி போகிறவன். பந்திப்பூர் வழியாக இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வண்டி விடுவதில்லை, 2009இல் இருந்து அப்படித்தான். எத்தனை பேர் திட்டுகிறார்கள் தெரியுமா? செக்போஸ்ட்டில் எட்டே முக்காலுக்கு வந்து சேர டிரைவர் பறப்பார். ஒருமுறை தாமதமாகி இந்தப் பக்கமே இரவு தங்க வேண்டியதாயிற்று, டீக்கடை பெஞ்சில் படுத்திருந்தேன். பதினொன்றரை இருக்கும், காட்டுப் பக்கம் இருந்து ஒரு பிளிறல், அதற்குப் பதில் இன்னொன்று. நடுவில் ஒரு ஹாரன்கூட இல்லை. அதற்குப் பிறகு நான் திட்டியதில்லை.

சாலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. நாக்பூர் பக்கம் பெஞ்ச் காட்டின் நடுவே போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலையை, வழக்கெல்லாம் நடந்த பிறகு, தூக்கிக் கட்டினார்கள். விலங்குகள் அடியில் போக வழிகள், ஒன்று 750 மீட்டர் நீளம். புலி, மான், செந்நாய் எல்லாம் அடியில் போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. மேலே லாரி ஓடுகிறது, கீழே புலி நடக்கிறது. செலவாகும்தான். ஆனால் சாலைக்கு வரைபடம் போடும்போதே சேர்த்தால்தான் இது நடக்கும், கட்டி முடித்த பிறகு யாரும் தூக்க மாட்டார்கள்.

கேப்பைக்களி எழுதியது:

எல்லாம் படித்தேன். நான் தளி பக்கம், கர்நாடக எல்லையை ஒட்டிய தமிழ்நாட்டு ஊர். திங்கள் முதல் வெள்ளி பொம்மசந்திராவில் ஷிப்ட், சனி ஞாயிறு ஊரில் வயலில் உயரமாகக் கட்டிய பரண். பரண் என்றால் உங்களுக்குப் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும், எங்களுக்கு அது காவல்.

பன்னேர்கட்டா காட்டில் இருந்து ஒவ்வொரு வருடமும் கேழ்வரகு கதிர் பிடிக்கும் நேரத்தில் யானை ஜவளகிரி வழியாக இந்தப் பக்கம் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. எங்கள் தாத்தா காலத்திலும் வந்தது. அப்போதெல்லாம் வரும், ஒரு ராத்திரி தின்னும், அடுத்த நாள் தேன்கனிக்கோட்டை பக்கம் போய்விடும் என்பார்கள். இப்போது எங்கள் ஏரிக்கரையில் மூன்று ராத்திரி நான்கு ராத்திரி நிற்கிறது. ஏனென்றால் அது வழக்கமாகப் போகிற பாதையில் ஒரு லேஅவுட்காரர் எட்டடி மதில் எழுப்பிவிட்டார். கொஞ்சம் தள்ளிக் கல்குவாரி, ராத்திரியிலும் லைட் எரிகிறது. வந்த வழியும் போகிற வழியும் தெரியாமல் தாய் யானை மதிலை மோந்து பார்த்துக்கொண்டே நடப்பதை நான் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன்.

பரணில் உட்கார்ந்திருந்தால் யானை வருவது தெரியாது. அவ்வளவு பெரிய உருவம், சத்தமே இருக்காது. முதலில் கேட்பது கதிரைத் தூரோடு பிடுங்குகிற சத்தம், அப்புறம் வேரில் இருக்கிற மண்ணை முன்னங்காலில் தட்டித் தட்டி உதறுகிற சத்தம். தப், தப் என்று. அது கேட்டால் அப்பா எழுந்து தகரம் தட்டுவார், "சாமி, போதும் போ சாமி" என்பார். போன வருடம் முக்கால் ஏக்கர் ஒரே ராத்திரியில் போனது. நஷ்டஈட்டுக்கு எழுதிப் போட்டேன். போட்டோ, கிராம நிர்வாக அலுவலர் சான்று, பட்டா எல்லாம் கேட்டார்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில். அலைந்து அலைந்து ஏழு மாதம் கழித்து வந்த பணம் உரத்துக்கும் உழவுக்கும் காணவில்லை. குத்தகைக்கு ஓட்டுகிற பக்கத்து வயல்காரருக்கு அதுவும் இல்லை, ஏனென்றால் காகிதத்தில் நிலம் அவருடையது இல்லை.

நாடு முழுக்கக் காப்போம் என்று பெங்களூரில் பேசும்போது அந்தச் செலவை யார் கட்டுகிறார்கள் என்பதையும் பேசுங்கள். எங்கள் கேழ்வரகில்தான் யானை வளர்கிறது. அதற்கு நான் வருத்தப்படவில்லை, ஆனால் அந்த உண்மையைச் சொல்லுங்கள்.

2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் ஒரு தோட்டத்தில் திருட்டுத்தனமாகக் கரண்ட் கொடுத்த வேலியில் மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. ரெண்டு குட்டிகள் தாயை விட்டு நகராமல் சுற்றிச் சுற்றி நின்றன. அந்த வீடியோவை எங்கள் அம்மா முழுதாகப் பார்க்க முடியாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கரண்ட் வைத்தது தப்பு, பெரிய தப்பு. ஆனால் கடன் வாங்கி விதைத்தவன் தூங்காத ராத்திரியில் என்ன நினைப்பான் என்று எனக்குத் தெரியும் என்பதால், அவனைத் திட்டிவிட்டு மட்டும் என்னால் போக முடியாது.

வால்பாறையில் யானை எங்கே நிற்கிறது என்று மக்களுக்குப் போனில் செய்தி போகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, ஆட்கள் அந்தப் பக்கம் போகாமல் இருக்கிறார்கள். அதனால் உயிர்ச்சேதம் குறைந்தது. எங்கள் பக்கமும் வாட்ஸ்அப் குழு இருக்கிறது, நாங்களே நடத்துகிறோம். ஆனேக்கல் பக்கம் கன்னடத்தில் பேசுவார்கள், எங்கள் பக்கம் தெலுங்கு, தமிழ். யானைக்கு மாநில எல்லை கிடையாது, செய்திக்கு மட்டும் இருக்கிறது. மூன்று பாஷையும் எழுதத் தெரிந்த ஆள் யாராவது இருந்தால் உதவி செய்யுங்கள். மரம் வேண்டாம்.

மனு_எழுதுகிறவர் எழுதியது:

கேப்பைக்களி தம்பி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அல்சூரில் இருக்கிறேன், ஓய்வு பெற்றவன், எனக்குத் தெரிந்தது காகிதம் மட்டும். அதையாவது சொல்கிறேன்.

அந்த எட்டடி மதில் ஒரே நாளில் வரவில்லை. பன்னேர்கட்டா தேசியப் பூங்காவைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம் என்று ஒரு வளையம் உண்டு, குவாரிக்கும் கட்டடத்துக்கும் அங்கே கட்டுப்பாடு. 2016 வரைவில் அந்த வளையம் 268.96 சதுர கிலோமீட்டர். 2020 மார்ச்சில் இறுதி அறிவிப்பு வந்தபோது 168.84. நூறு சதுர கிலோமீட்டர் காணாமல் போனது கம்பியாலோ கல்லாலோ இல்லை, அட்டவணையில் சில கிராமப் பெயர்களும் சர்வே எண்களும் நீங்கியதால். இந்த மாதிரி வரைவு அறிவிப்பு வெளியானால் அறுபது நாள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. ஆனால் "இயற்கையைக் காப்பாற்றுங்கள்" என்று பொதுவாக எழுதினால் அது ஒரு எண்ணிக்கையோடு முடிந்துவிடும். அறிவிப்பின் இந்தப் பக்கம், அட்டவணையின் இந்த வரிசை, இந்தச் சர்வே எண்ணில் யானை கடக்கிறது, இந்தத் தேதியில் பார்த்தோம், படம் இது என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். தம்பியின் பரணில் இருக்கிற தகவல்தான் அந்த மனுவுக்கு உயிர். நகரத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது அரசிதழைப் படித்து அவருக்குச் சரியான நேரத்தில் சொல்வது, அவர் சொல்வதை ஒழுங்காக எழுதிக் கொடுப்பது.

அடுத்தது, 2002இல் வந்த பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது அந்த ஊரின் செடி கொடி, மீன், நெல் வகை, மருந்து மூலிகை எல்லாவற்றையும் மக்கள் பதிவேட்டில் எழுத வேண்டும். நாடு முழுக்க இரண்டரை லட்சத்துக்கு மேல் குழுக்கள் காகிதத்தில் உண்டு. நான் கேட்டுப் பார்த்த ஒரு பஞ்சாயத்தில் பதிவேடு பீரோவில் இருந்தது, அட்டையைத் திறந்தால் பக்கத்து ஊர்ப் பதிவேட்டின் நகல், ஊர்ப் பெயர்கூட மாற்றவில்லை. அந்த ஊரில் இல்லாத மீனெல்லாம் அதில் இருந்தது. இதைத் திருத்த ஒரு வருடம் ஆகும், பாட்டிமார்களோடு உட்கார வேண்டும். யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள். ஆனால் நாளைக்கு அந்த ஏரிக்கு ஆபத்து வந்தால் கையில் இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்.

பலன் கிடைத்த இடமும் உண்டு. தேவனஹள்ளி பக்கம் நல்லூர் புளியந்தோப்பு, விமான நிலையத்தில் இருந்து கொஞ்ச தூரம். நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், 2007இல் அறிவித்தார்கள். ஒரு முறை போய்ப் பாருங்கள், அடிமரம் பிளந்து முறுக்கிக்கொண்டு, ஒரு கிளை தரையில் ஊன்றி மறுபடியும் வேர்விட்டு, மரம் நடந்து போகிற மாதிரி இருக்கும். நம் மதுரை அரிட்டாபட்டியை 2022இல் அதே சட்டத்தில் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024 கடைசியில் அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது ஊர்க்காரர்கள் திரண்டார்கள், மதுரைக்கு நடந்தே போனார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. சட்டம் ஒரு பிடிமானம் கொடுத்தது, பிடித்து இழுத்தது ஊர்.

அதேபோல பிலிகிரி ரங்கன மலையில் அங்கே வாழும் பழங்குடிகளான சோலிகர்களுக்கு 2011இல் சமூக வன உரிமை கிடைத்தது, புலிக் காப்பகத்துக்குள் அந்த உரிமை கிடைத்தது அதுதான் முதல் முறை. வெளிநாட்டில் இருந்து வந்து பரவிய உண்ணிச்செடி காட்டை மூடியதற்கு ஒரு காரணம், காலம்காலமாக அவர்கள் வைத்து வந்த சின்னத் தரைத்தீயைத் தடுத்ததுதான் என்று அந்தப் பெரியவர்கள் சொல்கிறார்கள். காட்டைவிட்டு ஆளை அப்புறப்படுத்தினால்தான் காடு பிழைக்கும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

காடுபாப்பா எழுதியது:

நான் மல்லேஸ்வரம். இங்கே எல்லாரும் பெரிய பெரிய விலங்கையே பேசுகிறீர்கள், அதனால் தேவாங்கைப் பற்றிச் சொல்ல வந்தேன். "தேவாங்கு மாதிரி முழிக்காதே" என்று அம்மா திட்டிய காலத்தில் அது எப்படி இருக்கும் என்றே தெரியாது. கன்னடத்தில் காடுபாப்பா என்கிறார்கள், காட்டுக் குழந்தை. எவ்வளவு நல்ல பெயர்!

பெங்களூருக்குள்ளேயே இன்னும் தேவாங்கு இருக்கிறது. இந்திய அறிவியல் கழக வளாகத்தில், வேளாண் பல்கலைக்கழகப் பக்கம், பழைய மரங்கள் மிச்சமிருக்கிற சில இடங்களில். தன்னார்வலர்களோடு கணக்கெடுப்புக்குப் போயிருக்கிறேன். டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும், அதற்குக் கண் கூசக் கூடாது. ஒன்றரை மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு மூங்கில் புதருக்கு மேலே ரெண்டு சின்னத் தணல் மாதிரி. உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, குச்சி போலக் கைகால். ஒரு கையை நீட்டி அடுத்த கிளையைப் பிடித்து, அது ஆடி அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் மறு காலை எடுத்தது. நான் மூச்சுகூட விடவில்லை.

அதற்குத் தாவத் தெரியாது. கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் போக முடியும். நடுவில் ஒரு மரத்தை வெட்டினால், ஏன், கேபிளுக்கு இடைஞ்சல் என்று ரெண்டு கிளையைக் கழித்தால்கூட, அதன் உலகம் அங்கே முடிந்தது. தரையில் இறங்கினால் நாய். கரூர், திண்டுக்கல் எல்லையில் கடவூரில் 2022இல் 11,806 ஹெக்டேரில் தேவாங்கு சரணாலயம் அறிவித்தார்கள், அம்மா ஊர் அந்தப் பக்கம்தான், எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். ஆனால் மல்லேஸ்வரத்துத் தேவாங்குக்குச் சரணாலயம் வராது. அதற்கு எங்கள் தெருக் கிளை தொடர்ந்து இருக்க வேண்டும். போன மாதம் எங்கள் அபார்ட்மென்ட் கூட்டத்தில் கிளை கழிக்க ஆள் வைக்கலாம் என்று தீர்மானம் வந்தது. நான் என் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். மூன்றாம் மாடி மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார், "இது நம்ம ஏரியாவிலா இருக்கு?" என்றார். கேபிளை இந்த ஓரமாக மாற்றிக் கட்டச் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு வரிசை, பதினாலு மரம்.

பொம்மனஹள்ளிவாசி எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மூன்று முறை படித்தேன். என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன், கேப்பைக்களி எழுதிய இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

நான் செய்தது இவ்வளவுதான். கம்பெனியில் மரம் நடும் குழுவுக்கு எழுதினேன், அடுத்த வருடம் இடத்தைத் தேர்வு செய்வதற்கு முன்னால் அந்த இடத்து மேய்ச்சல்காரர்களிடமும் புல்வெளி தெரிந்த ஒருவரிடமும் கேட்க வேண்டும், புல் நிலமாக இருந்தால் நடக் கூடாது என்று. பதில் இன்னும் வரவில்லை, விடமாட்டேன். போன ஞாயிறு அந்த மேட்டுக்கு மகளோடு போனேன். பெரியவரைப் பார்க்க முடியவில்லை. நாங்கள் நட்டதில் பாதி காய்ந்துவிட்டது, அதைப் பார்த்து நிம்மதிப்பட்டேன் என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூடு காலியாக இருந்தது. மகள் முட்டை ஓட்டைத் தேடினாள், கிடைக்கவில்லை. ஆனால் மேலே ஒரு குருவி பாடிக்கொண்டே ஏறி, இறக்கையை விரித்து மெதுவாக இறங்கியதைப் பார்த்தோம். குறித்து வைத்திருக்கிறாள், தேதி, நேரம் எல்லாம்.

கேப்பைக்களி, எனக்குத் தமிழும் கன்னடமும் எழுத வரும், தெலுங்கு வீட்டுக்காரிக்கு வரும், அவள் அம்மா வழி சித்தூர். உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்வீர்களா? இரவு விழித்திருக்கிற வேலைதான் எனக்கு, பன்னிரண்டு மணிக்குச் செய்தி வந்தாலும் மாற்றி அனுப்பிவிடுவேன்.

கேப்பைக்களி எழுதியது:

நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் அண்ணா, இன்றே சேர்க்கிறேன். கன்னடம் எழுத ஆள் இல்லாமல்தான் போன வருடம் ஆனேக்கல் பக்கத்துச் செய்தி ஒன்று எங்களுக்கு ரெண்டு மணி நேரம் தாமதமாக வந்தது, அன்றைக்குத்தான் அந்த முக்கால் ஏக்கர். மனு எழுதுகிறவர் ஐயா, அந்த லேஅவுட் சர்வே எண்ணை எடுத்து வைத்திருக்கிறேன், யானை நின்ற தேதிகளும் அப்பா காலண்டரில் குறித்தவை நாலு வருடத்துக்கு இருக்கின்றன, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

கார்த்திகை முதல் வாரம் ஒரு சனிக்கிழமை வாருங்கள். ஆனேக்கல் வரை பஸ், அங்கிருந்து தளிக்கு வேறு பஸ், நான் பைக்கில் வந்து கூட்டிப்போகிறேன். பரணில் ரெண்டு பேர் கூட உட்காரலாம். பாப்பாவைப் பகலில் அழைத்து வாருங்கள், ராத்திரி வேண்டாம். கம்பளி எடுத்து வாருங்கள், விடியற்காலம் பனி ரொம்ப இருக்கும்.